சின்னம்மாவை ஜெபித்து முடிக்க விடுங்கள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், வீட்டு ஜெபக்கூட்டங்களை நடத்தும் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவன் எழுதுகிறேன். சபைக் கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கலாம். பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்று பயந்துதான் எழுத உட்கார்ந்தேன். ஜெபத்தில் பிதாவிடம்தான் கேட்க வேண்டும், இயேசுவிடம் கேட்கக் கூடாது என்று நம் சபையில் கற்றுக்கொடுக்கிறீர்கள். பினாங்கில் வேறு சில தமிழ்ச் சபைகளிலும் இதே போதனை பரவி வருவதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் மடலை ஒட்டாமல் திறந்தே அனுப்புகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பினாங்கின் ஆயர் ஈத்தாம் பகுதியில் என் சின்னம்மாவின் வீட்டில் ஜெபக்கூட்டம். ஒன்பதாவது மாடி. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பக்கத்து வீட்டில் வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தோம். மறுநாள் காலை சின்னம்மாவின் மகனுக்கு இருதய அறுவைச் சிகிச்சை. எண்பத்து மூன்று வயதில் முட்டி மடங்காது. ஆனாலும் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி முழங்காலில் நின்றார். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "இயேசப்பா, என் பிள்ளையை உம்முடைய கையிலே கொடுக்கிறேன், இயேசப்பா, நீர் அவன் பக்கத்திலேயே நில்லும்" என்று தொடங்கினார்.

அடுத்த வாக்கியத்துக்குள் ஒரு குரல் குறுக்கிட்டது. "அம்மா, இயேசுவிடம் கேட்கக் கூடாது. பிதாவிடம்தான் கேட்க வேண்டும். முதலிலிருந்து ஆரம்பியுங்கள்."

சின்னம்மா கண்ணைத் திறந்தார். அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் கண்ணைத் திறந்தோம். "பிதாவே..." என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஐயா, நீங்களே ஜெபித்துவிடுங்கள்" என்றார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளையின் முகத்தை ஆயிரம் முறை பார்த்தவன் நான். அந்த முகத்தை அன்று என் சின்னம்மாவிடம் பார்த்தேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தம்பி வேலைக்கும் திரும்பிவிட்டான். சின்னம்மா மட்டும் இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து ஜெபிக்கவில்லை. கேட்டால், "எனக்கு முறை தெரியாதப்பா" என்கிறார்.

திருத்தியவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதும் தெரியும். குழுவில் நீங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர் சொன்னார். ஆகவே கற்றுக்கொடுத்த உங்களிடம் பேசுகிறேன்.

உங்கள் போதனையின் அடித்தளத்தை நான் மறுக்கவில்லை. கிறிஸ்தவ ஜெபம் இயல்பாகப் போய்ச் சேருமிடம் பிதாதான். சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது ஆண்டவர், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றுதான் ஆரம்பித்தார். பவுல் எபேசியருக்கு எழுதியதில் பாதையே வரைந்து காட்டப்பட்டிருக்கிறது: ஒரே ஆவியினாலே, கிறிஸ்துவின் மூலமாய், பிதாவினிடத்தில். மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகன் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலில், ஜெபம் என்ற சொல்லின் முழுப்பொருளில் அது பிதா ஒருவருக்கே உரியது என்று வாதிட்டார். 393-ல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் கூடிய ஆயர்கள், பீடத்தில் நின்று ஜெபிக்கும்போது அது எப்போதும் பிதாவை நோக்கியே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். உங்கள் பக்கம் பலமான சாட்சிகள் உண்டு. என் வகுப்பிலும் இந்த ஒழுங்கைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பிரச்சினை எங்கே என்றால், ஒழுங்கை வேலியாக்கிவிட்டீர்கள். ஹிப்போவின் விதி பீடத்தில் நிற்கும் குருவுக்கு. ஆயர் ஈத்தாமில் முழங்காலில் நிற்கும் தாய்க்கு அது எழுதப்படவில்லை.

நீங்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் வசனம் யோவான் 16:23. "அந்த நாளில் நீங்கள் என்னிடத்தில் ஒன்றுங்கேட்கமாட்டீர்கள்." தமிழில் படித்தால் வழக்கு அங்கேயே முடிந்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் தமிழில் 'கேட்பது' என்றால் என்னென்ன என்று யோசித்துப் பாருங்கள். வழி கேட்கிறோம், கடன் கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். வினவுவதற்கும் வேண்டுவதற்கும் நமக்கு ஒரே சொல். யோவான் எழுதிய கிரேக்கத்தில் இந்த ஒரே வசனத்துக்குள் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. "என்னிடத்தில் ஒன்றுங்கேட்கமாட்டீர்கள்" என்ற இடத்தில் ஒன்று, "பிதாவினிடத்தில் கேட்டுக்கொள்வதெதுவோ" என்ற இடத்தில் வேறொன்று. முதற்சொல் பெரும்பாலும் வினா எழுப்புவதைக் குறிக்கும். நான்கு வசனங்களுக்கு முன் பாருங்கள்: 'கொஞ்சக்காலம்' என்றால் என்ன என்று புரியாமல் சீஷர்கள் அவரிடம் விளக்கம் கேட்க நினைக்கிறார்கள். அங்கேயும் அதே சொல்தான். அந்த நாளில் உங்களுக்கு எல்லாம் தெளிந்துவிடும், இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று ஆண்டவர் சொல்வதாகவும் இதை வாசிக்க இடமிருக்கிறது. அதே சொல்லை யோவான் வேறிடங்களில் வேண்டுதலுக்கும் பயன்படுத்தியிருக்கிறார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே என் வாசிப்பே முடிந்த முடிவு என்று நிற்க மாட்டேன். ஒரு தாயின் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தும் அளவுக்கு அந்த வசனம் தெளிவானதல்ல, அவ்வளவுதான்.

இரண்டு அதிகாரம் பின்னால் போனால் 14:14. "என் நாமத்தினாலே நீங்கள் எதைக் கேட்டாலும் அதை நான் செய்வேன்." மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகள் சிலவற்றில் இங்கே 'என்னிடம்' என்ற சொல்லும் இருக்கிறது. என்னிடம், என் நாமத்தினாலே. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் இல்லை. அது இல்லாவிட்டாலும், 'நான் செய்வேன்' என்கிறவர் யார்?

முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானை எடுத்துக்கொள்வோம். கல் விழுந்துகொண்டிருக்கிறது. தேவனுடைய மகிமையையும், தேவனுடைய வலதுபாரிசத்தில் நிற்கும் இயேசுவையும் அவன் கண்கொண்டு பார்த்திருக்கிறான். பிதா, குமாரன் இருவரும் கண்முன். யாரைக் கூப்பிடுகிறான்? "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்." அவன் பரிசுத்த ஆவி நிறைந்தவனாய் வானத்தை அண்ணாந்துபார்த்தான் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அங்கே நின்று, "முதலிலிருந்து ஆரம்பி" என்று சொல்ல நம்மில் யாருக்குத் துணிவு வரும்? பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டதாக எழுதுகிறார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வருகிறது. அடுத்த வரியிலேயே அந்த வல்லமையைக் கிறிஸ்துவின் வல்லமை என்கிறார். வேதம் முடியும் இடத்தில் நிற்கும் ஜெபமும் "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்பதுதான்.

வெளியாட்கள் கண்ணுக்கும் இது தெரிந்திருந்தது. சுமார் 112-ல் பித்தினியா மாகாணத்து ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் இவர்கள் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து அவருக்குப் பாட்டுப் பாடுகிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த தகவல். ஓரிகனும்கூட, பின்னாளில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சு என்பவருக்கு மறுப்பு எழுதியபோது, வார்த்தையானவராகிய கிறிஸ்துவை நோக்கி வேண்டுவதற்கு இடம் வைத்திருக்கிறார். ஹிப்போவில் பிற்பாடு ஆயராக இருந்த அகுஸ்தீன் ஒரு சங்கீதத்துக்கு விளக்கம் சொல்கையில் இதை எல்லாரையும்விட அழகாகச் சொன்னார்: கிறிஸ்து நம் ஆசாரியராக நமக்காக ஜெபிக்கிறார், நம் தலையாக நமக்குள் ஜெபிக்கிறார், நம் தேவனாக நம்மால் ஜெபிக்கப்படுகிறார். மூன்றும் ஒருவரே. இந்த வரியை முதன்முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை.

ஆவியானவரைப் பற்றியும் ஒரு சகோதரி கேட்டார். அவரை நேராக அழைத்து விண்ணப்பம் வைக்கும் ஜெபம் புதிய ஏற்பாட்டில் இருப்பதாக நான் காணவில்லை. ஆனால் 381-ல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கம், அவர் பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து ஆராதிக்கப்படுகிறவர் என்று அறிக்கையிட்டது. ஆராதிக்கலாம், ஆனால் பேசக் கூடாது என்று யாராலும் சொல்ல முடியாது. 'வாரும்' என்று அவரைப் பாடி அழைப்பவர்களைக் கலங்கடிக்க வேண்டாம்.

இனி 'இயேசப்பா' என்ற சொல். இயேசு குமாரன், அவரை அப்பா என்பது பிதாவையும் குமாரனையும் குழப்புவதாகும் என்று உங்கள் போதனைத் தாளில் எழுதியிருந்தீர்கள். தமிழ்க் காதோடு கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். செல்லப்பா, பொன்னப்பா, கண்ணப்பா என்று பெயர் வைக்கிறோம். அந்த 'அப்பா' தகப்பன் என்ற உறவைச் சொல்லவில்லை. அன்பும் மரியாதையும் சேர்ந்து பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டு அது. என் சின்னம்மா என்னையே 'தெரியாதப்பா' என்கிறார், நான் அவருக்குத் தகப்பனா? எழுபது வயது மகனும் தன் தகப்பனை 'அப்பா' என்றே கூப்பிடுவான், இடறி விழுந்தால் எல்லாருக்கும் வாயில் வருவது 'அப்பா' அல்லது 'அம்மா'. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஆண்டவர் பெயரோடு ஒட்டியது தமிழ்க் கிறிஸ்தவனின் நெஞ்சு. 'என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்' என்று பிலிப்புவிடம் சொன்னவர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றையும் நினைத்து நெகிழ்ந்திருக்கிறேன். கெத்செமனேயில் ஆண்டவர் பிதாவைக் கூப்பிட்ட அரமேயச் சொல்லைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் மொழிபெயர்க்க மனமில்லாமல் அப்படியே வைத்தார்கள். 'அப்பா'. ரோமருக்கு எழுதிய நிருபத்திலும் அந்தச் சொல்லே. உலகத்தின் பல மொழிக்காரர்களுக்கு அது வேற்றுச் சொல். நமக்கோ வீட்டுச் சொல். ஒலியில் மட்டும் நேர்ந்த ஒற்றுமைதான், தெரியும். இருந்தும் "அப்பா பிதாவே" என்று வாசிக்கும்போதெல்லாம் வாசகப் பலகைக்குப் பின்னால் என் குரல் கம்மிப்போகும்.

சின்னம்மா யார் என்பது உங்களில் இளையவர்களுக்குத் தெரியாது. என் அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் சின்னம்மாதான் என்னை எடுத்து வளர்த்தார். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே ஜெபிப்பார். பால் வெட்டும் கத்தி பக்கத்தில் கிடக்கும். "இயேசப்பா, பாம்பு பூச்சி அண்டாமல் பார்த்துக்கொள்ளும். இயேசப்பா, இன்றைக்கு மழை வேண்டாம்." மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அன்றைய சம்பளம் போயிற்று. தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். இரவில் எங்களை உட்காரவைத்து, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று வரி வரியாகச் சொல்லித்தருவார். அவருக்கு எழுத்துத் தெரியாது, அத்தனையும் மனப்பாடம். பிதாவை எனக்குக் காட்டிக்கொடுத்தவரே அவர். அவரிடம் போய், பிதாவிடம் கேட்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டோம்.

அன்று யாரும் குறுக்கிடாமல் இருந்திருந்தால் அந்த ஜெபம் எங்கே போய் முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அறுபது ஆண்டுகளாக ஒரே முடிவுதான். "இயேசுவின் மூலமாய் ஜெபங்கேளும், எங்கள் நல்ல பிதாவே, ஆமென்." இயேசப்பாவில் தொடங்கிப் பிதாவில் போய் நிற்கும். நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த முடிவு அது. நீங்கள் போதனைத் தாளில் இரண்டு பக்கம் எழுதி விளக்கியது அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அவரை அதுவரை போக விட்டிருக்கலாம்.

முன்னால் நின்று ஜெபம் நடத்தும் உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். "பிதாவே, எங்கள் பாவங்களுக்காகச் சிலுவையில் தொங்கினீரே, உம்முடைய இரத்தத்தைச் சிந்தினீரே" என்று ஆராதனையில் நான்கைந்து முறை கேட்டுவிட்டேன். பிதாவைத்தான் கூப்பிட வேண்டும் என்ற கவனத்தில் இருக்கும்போதே இது நேர்கிறது. பிதா சிலுவையில் அறையப்படவில்லை. சுமார் 213-ல் பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்று போதித்த பிராக்சேயா என்பவரை எதிர்த்து எழுதிய பழைய சபை ஆசிரியர் தெர்த்துல்லியன், இவன் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டான் என்று இடித்துரைத்தது இந்தக் குழப்பத்துக்காகத்தான். சென்ற மாதம் என் பேத்தி, ஒன்பது வயது, ஆராதனை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "தாத்தா, சிலுவையில் செத்தது அப்பாவா, மகனா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் பிள்ளைகள் நம் ஜெபத்தைக் கேட்டுத்தான் தேவனைக் கற்றுக்கொள்கிறார்கள். வாய்க்கு வந்தபடி வரும் நீண்ட ஜெபத்தைவிட, வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டுவந்த பத்து வரி மேல். யாரைக் கூப்பிட்டோமோ அவரிடமே கடைசிவரை பேசுங்கள். பிதாவைக் கூப்பிட்டால், "உம்முடைய குமாரனைத் தந்தீரே" என்று சொல்லுங்கள். நடுவில் ஆண்டவரிடம் திரும்ப வேண்டுமென்றால் பெயர் சொல்லித் திரும்புங்கள். சபைக்கு ஜெபத்தின் திசையைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூலை மாத அறிவிப்பைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் மரியாளின் தாயாகப் போற்றப்படும் புனித அன்னாளின் திருவிழாவுக்கு, ஜூலை 26-க்கு, நம் சபையார் யாரும் போகக் கூடாது, அங்கே தேவனை விட்டு மனுஷியைக் கும்பிடுகிறார்கள் என்று சொன்னீர்கள். என் குடும்பத்தில் பாதிப்பேர் கத்தோலிக்கர். நாம் 'ஜெபம்' என்று எழுதுவதை 'செபம்' என்று எழுதுகிறவர்கள். பரலோகத்தில் இருப்பவர்களிடம் பரிந்துரை கேட்பதை நானும் ஏற்கவில்லை. 'தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே' என்ற தீமோத்தேயு வசனத்தில் நிற்கிறேன். லூத்தரன் சபைகளின் 1530-ன் அவுக்ஸ்பர்க் அறிக்கை தன் 21-ஆம் பிரிவில் அப்படித்தான் சொன்னது: பரிசுத்தவான்களை நினைவுகூரலாம், அவர்களை நோக்கி வேண்ட வேதத்தில் ஆதாரமில்லை. கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1563-ல் அவர்களை நோக்கி வேண்டுவது நல்லது, பயனுள்ளது என்றது. அந்த வேறுபாடு உண்மையானது, அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் கத்தோலிக்கர் சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதுதான் அவர்கள் வாயில் வரும் சொல். வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த வேண்டுதலும் தேவனிடம்தான் போகிறது. மெழுகுவர்த்தி ஏந்திப் பவனியில் நடக்கும் என் மைத்துனியிடம் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது யாரும் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது என்று குழுத் தலைவர்களுக்குச் சொல்லுங்கள். கற்றுக்கொடுக்கப் பிரசங்கமும் வேதபாட வகுப்பும் இருக்கின்றன. 'இயேசுவிடம் கேட்கக் கூடாது' என்ற வரியைப் போதனைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஸ்தேவானின் ஜெபத்தை எழுதிவையுங்கள். வேண்டுமானால் வகுப்பெடுக்க நானும் வருகிறேன், பிதாவை நோக்கி ஜெபிப்பதன் மகிமையை மனதாரச் சொல்வேன்.

அதற்கு முன் ஒரு காரியம். வருகிற வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சின்னம்மாவின் வீட்டிலேயே மறுபடியும் கூட்டம் வைத்திருக்கிறோம். போதகர் ஐயா, நீங்கள் வர வேண்டும். அன்று திருத்திய சகோதரரும் வர வேண்டும், அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டால்தான் சின்னம்மா ஜெபிப்பார், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். லிப்ட் எட்டாவது மாடியோடு நின்றுவிடுகிறது, மேலே ஒரு மாடி படியேற வேண்டும். படிக்கட்டு விளக்கு எரிவதில்லை, நான் டார்ச்சோடு எட்டாவது மாடியில் நிற்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் பழைய ஞாயிறு பள்ளி ஆசிரியன்,
பினாங்கு